ஏரி நாட்டின் கையிருப்பு

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலில் இருப்பவர்களின் வாயில் வெளிநாடுகளின் பெயர் நிற்காது. போர் போடப் போன இடத்தில் எது கண்ணில் பட்டதோ அதுதான் பெயர். செம்மண் நாடு, செம்பு நாடு, ஏரி நாடு. ஏரி நாடு என்பது ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரியை ஒட்டி ஒடுக்கமாக நீண்டு கிடக்கும் நாடு. புகையிலையும் தேயிலையும் விற்றுத்தான் அதற்கு டாலர் வர வேண்டும். அங்கே ஒருநாளும் போகாமல், சங்ககிரி ரோட்டில் ஓர் உதிரிபாகக் கடைக்கு மேலே உள்ள அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்த நாட்டின் கைவசம் எவ்வளவு டாலர் இருக்கிறது, அது ஏன் ஏறுகிறது, எப்போது இறங்கும் என்று சொல்லக்கூடிய ஒருத்தி இருக்கிறாள் என்றபோது முதலில் யாரும் நம்பவில்லை. இப்போது ஆப்பிரிக்காவுக்கு வண்டி அனுப்புகிறவர்கள் அந்த மாடிப்படியை ஏறிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

அவள் பெயர் மஞ்சுளா. வயது முப்பத்திரண்டு. அப்பா ராசப்பனுக்கு ஊருக்கு வடக்கே மூன்று ஏக்கர் மேட்டுக்காடு. நிலக்கடலையும் சோளமும் மழை பெய்தால் உண்டு. அண்ணன் சென்னிமலை அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். பதினேழு வயதில் ரிக் வண்டியில் ஏறி, இரும்பு ராடுகளைக் கழற்றி மாட்டும் வேலையில் தொடங்கி, ஆந்திராவும் சத்தீஸ்கரும் சுற்றி, டிரில்லராகி, கடைசியில் காளியண்ணன் என்ற பெரியவரோடு கூட்டுச் சேர்ந்து இரண்டு வண்டிகளுக்குப் பங்குதாரன் ஆனான். தங்கையின் படிப்புச் செலவு முழுக்க அவன் தலையில்தான்.

பன்னிரண்டாவது வரை அவள் படித்தது தமிழ் வழியில். நாமக்கல்லில் பி.காம். சேர்ந்ததும் எல்லாமே ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படிப்பாள். முதல் முறை ஆங்கிலத்துக்காக, இரண்டாம் முறை விஷயத்துக்காக. இரண்டாம் முறை படிக்கும்போது, படித்ததைத் தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிற பெண் இல்லை. கேள்வி கேட்கக் கூச்சப்பட்டதால்தான் அந்தப் பழக்கமே வந்தது என்று ஒருமுறை கணவன் ஜீவானந்தத்திடம் சொல்லியிருக்கிறாள். ஜீவானந்தம் பள்ளிபாளையத்தில் காகித ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். மனைவி அதிகம் பேசாததில் அவனுக்குக் குறை எதுவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் காளியண்ணனும் சேர்ந்து வைத்திருந்த ஆபீசில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்தாள். டீசல் பில், ஆட்கள் சம்பளம், ஜி.எஸ்.டி. கொரோனா ஓய்ந்த பிறகு உள்ளூரில் போர் வேலை குறைந்தது. ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் வந்தது. அப்போதுதான் இரண்டு வண்டிகளையும் கப்பல் ஏற்றி ஏரி நாட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே சென்னிமலையும் போனான்.

அங்கே நூற்றைம்பது அடியில் தண்ணீர் வந்தது. கிராமக் கமிட்டிகள், தோட்டக்காரர்கள், பள்ளிக்கூடங்கள் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. கூலியை அந்த நாட்டுப் பணத்தில் கொடுத்தார்கள். அது அங்கேயே ஒரு வங்கியில் சேர்ந்துகொண்டே போனது. ஊருக்கு அனுப்பச் சொன்னபோதுதான் சிக்கல் தெரிந்தது. அனுப்ப வேண்டுமென்றால் அதை டாலராக மாற்ற வேண்டும். மாற்ற வங்கியிடம் டாலர் இல்லை.

"பணம் இருக்குது அம்மிணி, கணக்குல இருக்குது" என்றான் சென்னிமலை போனில். "கேட்டா டாலர் வரட்டுங்கறான். டாலரு என்ன பஸ்ஸா, ஸ்டாப்புல நின்னு பாக்கறதுக்கு?"

இரண்டு வண்டிகளும் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடிச் சம்பாதித்த பணம் அது. காளியண்ணனும் சென்னிமலையும் கையில் இருந்ததை எல்லாம் அந்த வண்டிகளில் போட்டிருந்தார்கள். பணம் வராவிட்டால் வண்டிகளை வந்த விலைக்கு அங்கேயே தள்ளிவிட்டு, வெறுங்கையோடு திருச்செங்கோட்டில் வந்து இறங்க வேண்டியதுதான். காளியண்ணன் தெரிந்தவர்களை எல்லாம் பிடித்துப் பார்த்தார். சென்னிமலை வாராவாரம் வங்கிக்குப் போய்க் கத்திவிட்டு வந்தான். மஞ்சுளாவுக்கு வேறொரு கேள்வி இருந்தது. ஒரு நாட்டிடம் டாலர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? நேற்று இருந்தது எங்கே போனது? இனி எங்கிருந்து வரும்?

தேடியதில் அந்த நாட்டின் மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் அறிக்கை கிடைத்தது. அன்னியச் செலாவணிக் கையிருப்பு என்று ஒரு பக்கம். அதைத் தன் வழக்கப்படி இரண்டு முறை படித்தாள். தமிழில் சொல்ல வரவில்லை. மறுபடி படித்தாள். பழைய அறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டாள். மத்தியானம் ஆபீசில் ஆள் வராத நேரத்தில் இதுதான் வேலை. நான்கைந்து மாதத்தில் அந்த நாட்டின் ஒரு வருஷம் அவளுக்குப் பிடிபட்டது. ஏப்ரலில் புகையிலை ஏலம் தொடங்கும், டாலர் வரும், கையிருப்பு ஏறும். ஆகஸ்டு வரை அந்த ஏற்றம். அதன்பிறகு மழைக்கு முன்னால் உரம் வாங்க வேண்டும், டீசலும் மருந்தும் எப்போதும் வாங்க வேண்டும், கையிருப்பு வற்றிக்கொண்டே வரும். மார்ச்சில் அடியைத் தொடும். இத்தனை கோடி டாலர் என்று பார்ப்பதைவிட, இத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்று பார்த்தால் நிலைமை விளங்கும் என்பதையும் கண்டுகொண்டாள்.

இன்னொன்றை நம் நாட்டுச் செய்தியிலிருந்து கற்றாள். வெள்ளிக்கிழமைதோறும் இந்தியாவின் கையிருப்பு எவ்வளவு என்று அறிவிப்பார்கள். கூடிவிட்டது என்றால் டாலர் வந்து குவிந்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். கையிருப்பில் யூரோவும் இருக்கிறது, யென்னும் இருக்கிறது, தங்கமும் இருக்கிறது. மொத்தத்தையும் டாலரில் சொல்வதால், யூரோவின் மதிப்போ தங்கத்தின் விலையோ ஏறினாலே எண் ஏறிவிடும். ஒரு டாலர்கூட உள்ளே வந்திருக்காது. விலை இறங்கினால் ஒன்றையும் விற்காமலே குறைந்துவிடும். இது புரிந்த அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் ஜீவானந்தத்திடம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன் கழுத்துச் சங்கிலியும் அப்படித்தானே என்றான். அப்படித்தான் என்றாள்.

அதே சமயத்தில் அண்ணனை ஒரு வேலை செய்யச் சொன்னாள். வரி கட்டிய சான்று, வேலை முடித்த சான்று, வண்டிகள் இறக்குமதியான காகிதம், வங்கி கேட்கும் எல்லாவற்றையும் இப்போதே வாங்கி விண்ணப்பத்தைக் கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னாள். டாலரே இல்லாத வங்கியில் எதற்கு விண்ணப்பம் என்று சென்னிமலை எரிச்சல்பட்டான். ஆனாலும் செய்தான்.

மறு வருஷம் ஜூனில் கையிருப்பு ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த நாட்டுப் பத்திரிகைகளில் அதுதான் பெரிய செய்தி. வங்கிகள் டாலர் கொடுக்கத் தொடங்கின. திருச்செங்கோட்டில் டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. ஒரு தொண்டு நிறுவனம் ஏரி நாட்டில் நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்களுக்குப் போர் போட ஆள் தேடியது. கூலி உள்ளூர்ப் பணத்தில். சென்னிமலையைத்தான் முதலில் கேட்டார்கள். காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். இருக்கிற பணத்தை எல்லாம் போட்டு மூன்றாவது வண்டியை அங்கேயே எடுத்துவிடலாம், புகையிலை இந்த வருஷம் நல்ல ஓட்டம் போலிருக்கிறது என்றார். மஞ்சுளா இரண்டு நாள் பொறுக்கச் சொன்னாள்.

புகையிலை ஏல விவரத்தைப் பார்த்தாள். போன வருஷத்தைவிடக் குறைவு. தேயிலை அதே அளவு. அப்படியானால் ஏற்றம் எங்கிருந்து வந்தது? பன்னாட்டு நாணய நிதியம் கொடுத்த கடனின் முதல் தவணை அந்த மாதம் இறங்கியிருந்தது. அதுதான் பெரும்பகுதி. அடுத்தது தங்கம். சிறு சுரங்கக்காரர்களிடமிருந்து மத்திய வங்கி முன்பே வாங்கி வைத்திருந்த தங்கத்தின் விலை ஏறியிருந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சம் போன ஜூனைவிடக் குறைவாக இருந்தது. ஏலம் நடந்து கையிருப்பு ஏறிக்கொண்டிருக்க வேண்டிய காலத்திலேயே இப்படி.

மூன்றாம் நாள் காளியண்ணன் வந்து உட்கார்ந்தார். சென்னிமலை வீடியோ காலில் வந்தான். பின்னால் வண்டி ஓடுகிற சத்தம். பணத்தை இப்போதே முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும், புது வண்டி வேண்டாம், தொண்டு நிறுவன வேலையை டாலரில் கூலி கொடுத்தால் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றாள் மஞ்சுளா. அவள் இவ்வளவு நீளமாகப் பேசி இருவரும் கேட்டதில்லை. சென்னிமலைக்குக் கோபம் வந்தது. எண் இரட்டிப்பாகி இருப்பதை ஊரே பார்க்கிறது, நீ மட்டும் வேறெதைப் பார்க்கிறாய் என்றான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறனுங்க. நெலம் விக்கறவன் போர்ல மட்டம் ஏறிருக்குதுன்னு சொன்னா மொதல்ல என்ன கேப்பீங்க?"

சென்னிமலை சிரித்துவிட்டான். "மழத் தண்ணியா, லாரித் தண்ணியான்னு கேப்பேன். எத்தன பேரு மொதநாளே டேங்கர்ல கொண்டாந்து ஊத்தி வெச்சுக் காட்டை வித்துருக்கானுக."

"இதுல பாதிக்கு மேல லாரித் தண்ணிங்க."

"மிச்சம்?"

"மிச்சத்துல கொஞ்சம் தண்ணியே இல்லீங்க. வெச்சிருந்த தங்கத்துக்கு வெல ஏறிருக்குது. புதுசா ஒரு சொட்டு உள்ள வரல. அது போக இருக்கறது போன வருசத்தைவிடக் கம்மிங்க."

சென்னிமலை பின்னால் திரும்பி வண்டியை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றது. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக எத்தனையோ போர்களைக் குடைந்தவன் அவன். முதலில் பீறிட்டு வருவதை வைத்து எந்தக் கிணற்றையும் எடை போட மாட்டான். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, மறுநாள் வந்து ஊற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கயிறு விட்டுப் பார்ப்பான். அந்தப் புத்தியை ஒரு நாட்டின் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டோமே என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

காளியண்ணன் விடவில்லை. "லாரித் தண்ணின்னாலும் தண்ணிதான அம்மிணி? குடிக்க ஆகாதா?"

"ஆகுமுங்க மாமா. அதனாலதான் இப்பவே மொண்டுக்கலாம்ங்கறேன். ஊத்து இருக்குதுன்னு நம்பித் தோட்டம் போட வேண்டாம், அவ்வளவுதாங்க."

காளியண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு எழுந்து, உங்கண்ணனுக்குச் சரின்னா எனக்கும் சரி என்றார். சென்னிமலைக்குச் சரியாகத்தான் இருந்தது.

காகிதங்கள் எல்லாம் முன்கூட்டியே போய் வரிசையில் இருந்ததால் வங்கியில் தடை எதுவும் வரவில்லை. மற்றவர்கள் வரிச் சான்றுக்கு அலைந்துகொண்டிருந்தபோது ஜூலையில் பாதிப் பணம் திருச்செங்கோடு வந்தது. ஆகஸ்டு முடிவதற்குள் மீதியும் வந்தது. டீசலுக்கும் ஆட்கள் சம்பளத்துக்கும் வேண்டியதை மட்டும் அங்கே விட்டு வைத்தார்கள். பணம் வந்து சேர்ந்த செய்தி போனில் விழுந்தபோது மஞ்சுளா தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து இன்னொரு முறை படித்தாள்.

தொண்டு நிறுவனம் டாலரில் கொடுக்க மறுத்துவிட்டது. அந்த வேலை எருமப்பட்டியில் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் கதிர்வேலுக்குப் போனது. அவர் இரண்டு வண்டிகளை இறக்கினார். அடுத்த சில மாதங்கள் மஞ்சுளாவுக்கு நன்றாக இல்லை. அக்டோபரிலேயே டாலர் வற்றும் என்று அவள் சொல்லியிருந்தாள். அக்டோபர் போனது, ஒன்றும் ஆகவில்லை. கதிர்வேலின் வண்டிகள் இரவு பகலாக ஓடின. சென்னிமலையின் வண்டிகள் சில்லறை வேலைக்குக் காத்துக் கிடந்தன. அவன் போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். எருமப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்த கதிர்வேல் எல்லோர் காதிலும் விழ ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஏரி நாட்டுல எனக்குப் பணம் மழையாப் பெய்யுதுங்க. உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் மேகமே கூடலீங்களா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. மஞ்சுளா இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது ஒருவேளை தான்தான் எதையோ சரியாகப் படிக்கவில்லையோ என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அறிக்கைகளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் தவணைக் கடன் வரும் என்ற நம்பிக்கையில் அந்த நாடு இருப்பதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கணக்கில் தப்பில்லை. எந்த மாதம் என்பதில்தான் தவறியிருந்தாள். அதை மறுநாளே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் உம் கொட்டினான்.

டிசம்பரில் இரண்டாம் தவணை வரவில்லை. நிதியம் போட்ட நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குள் உரத்துக்கும் டீசலுக்கும் டாலர் போயிருந்தது. கையிருப்பு மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காத நிலைக்கு வந்தது. ஜனவரியில் அந்த நாட்டுப் பணத்தின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. வங்கியில் டாலர் என்ற பேச்சே இல்லை. சென்னிமலை அன்று போன் பண்ணினான். ஊரில் மழை எப்படி இருந்தது, அப்பா காட்டில் கடலை எவ்வளவு கண்டது என்று கேட்டுவிட்டு, "நீ இல்லீனா நான் போயிருப்பேன் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

பொங்கல் கழித்து கதிர்வேல் அந்த மாடிப்படியை ஏறி வந்தார். சம்பாதித்தது எல்லாம் அங்கே கிடந்தது, மதிப்பும் தேய்ந்திருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"என்ற வாயி சும்மா இருக்காதுங்க அம்மிணி. அன்னைக்கு மண்டபத்துல..."

"அத உடுங்க. வரிச் சான்று வாங்கிட்டீங்களா?"

வாங்கவில்லை. மஞ்சுளா அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பயந்துபோய் வண்டிகளை இப்போது விற்கக் கூடாது. ஏலம் ஏப்ரலில் தொடங்கும், பணத்தின் மதிப்பைக் குறைத்ததால் ஒரு டாலருக்கு முன்னைவிட அதிகம் கிடைக்கும், புகையிலைக்காரர்கள் டாலரைப் பதுக்காமல் கொண்டுவந்து மாற்றுவார்கள். அதற்குமுன் விண்ணப்பம் முழுமையாகப் போய் வரிசையில் இருக்க வேண்டும். மீதி வேலைக்குப் பாதியாவது டாலரில் கேட்க வேண்டும். மதிப்பைக் குறைத்ததில் போன மூன்றில் ஒரு பங்கு போனதுதான், அது திரும்பாது. அதையும் மறைக்காமல் சொன்னாள். கதிர்வேல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஜூனில் அவருக்குப் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பந்தியில் சொன்னதைவிட இதைச் சொன்னது அதிகம்.

அந்த ஜூனில் காளியண்ணன் ஆபீசில் கூட்டம் போட்டார். சென்னிமலையும் லீவில் வந்திருந்தான். முந்தின வருஷம் வந்து சேர்ந்த பணத்தில் மூன்றாவது வண்டி எடுப்பது என்று முடிவாயிற்று. எந்த நாட்டுக்கு என்பதுதான் கேள்வி. இருவரும் மஞ்சுளாவைப் பார்த்தார்கள். ஏரி நாட்டுக்கே என்றாள். இந்த முறை கையிருப்பு கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, ஆனால் அத்தனையும் விற்று வந்த காசு, கடன் எதுவும் சேரவில்லை என்றாள். சென்னிமலை யோசிக்கவே இல்லை, சரி என்றான். காளியண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

"மாமா, இன்னொண்ணு இருக்குதுங்க" என்றாள் மஞ்சுளா.

அந்தக் கூட்டில் பங்கு எல்லாம் அணாக் கணக்கு. பதினாறணாவில் காளியண்ணனுக்கு ஒன்பது, சென்னிமலைக்கு ஏழு. மஞ்சுளாவுக்கு மாதச் சம்பளம் மட்டும். இதைக் கேட்பதற்கு அவள் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"எனக்கு ரெண்டணாப் பங்கு வேணுங்க. சும்மா கேக்கலீங்க. என்ற சம்பளத்துல சேத்து வெச்சதப் போடறேன்."

சென்னிமலை தங்கையைத் திரும்பிப் பார்த்தான். பொம்பளப் பிள்ளைக்கு ரிக்கில் பங்கு கொடுத்தவர்கள் அந்த ரோட்டில் யாரும் இல்லை. காளியண்ணன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"கூட்டம் முடியறவரைக்கும் கம்முனு உக்காந்திருந்துட்டு இப்பத்தான் கேக்கறயா? நான் எந்திரிச்சுப் போயிருந்தா என்ன பண்ணிருப்பே?"

"நாளைக்குக் கேட்டிருப்பனுங்க."

காளியண்ணன் சிரித்தார். தன்னுடையதில் ஓரணா, சென்னிமலையுடையதில் ஓரணா என்று அங்கேயே முடிவானது. அடுத்த வாரம் மூவரும் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனார்கள். புதுப் பத்திரத்தில் மஞ்சுளாவின் பெயருக்குப் பக்கத்தில் தொழில் என்ற இடம் காலியாக இருந்தது. ஆடிட்டரின் ஆள் குடும்பத் தலைவி என்று டைப் அடிக்கத் தொடங்கினார்.

"அது வேண்டாமுங்க" என்றாள் மஞ்சுளா. "ரிக் தொழில்னு போடுங்க."